மெட்டில்டா அம்மையாருக்கு ஒரு நாழித் தவிடு

முத்துக் குளிக்கும் கடலருகே முப்பத்தைந்து ஆண்டு முறை தவறாது கோப்புக் குளித்த கோமகளே! உப்பளக் காற்றிலும் உவர்த்துப் போகாத உள்ளமே! கப்பல் வந்தாலும் புயல் வந்தாலும் கடிகாரம் பத்தடிக்கும் முன்னே மேசைக்கு வந்துவிடும் கடமையின் கலங்கரை விளக்கமே! சிவப்பு மையின் சிங்கமே! பிள்ளைகள் பலரைப் பெற்ற பெருந்தாயே! துறைமுகத் தொழிலாளர் நல அலுவலகத்தின் கண்காணிப்பாளர், மாண்பமை மெட்டில்டா அம்மையார் அவர்களே! வணக்கம்.

இந்தப் பிரிவுபசார மடல் இதே சுருதியில் நான்கு பக்கம் போயிருக்க வேண்டியது. எங்கள் விதி வேறு விதமாக அமைந்தது. இந்த அலுவலகத்தில் எழுதப்படும் எந்தக் காகிதமும் அம்மையாரின் மேசையைத் தொடாமல் வெளியே போனதில்லை. அந்தப் பழக்கதோஷத்தில் எங்கள் தட்டச்சர் இதன் வரைவையும் கொண்டுபோய் அவருடைய தட்டில் வைத்துவிட்டார். மாலையில் வரைவு திரும்பி வந்தது. ‘கோமகள்’ அடிக்கப்பட்டிருந்தது, ஓரத்தில், ‘தகப்பனார் தோணிக்குப் பாய் தைத்தவர்’ என்று குறிப்பு. ‘கலங்கரை விளக்கம்’ அடிக்கப்பட்டிருந்தது. அது துறைமுகத்தின் சொத்தாம், தனியாருக்குக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லையாம். சிங்கத்தை அவர் மறுக்கவில்லை. ஆனால் ‘பிள்ளைகள் பலரைப் பெற்ற பெருந்தாய்’ என்பதன் கீழே இரட்டைக் கோடு இழுத்து, முப்பத்தைந்து ஆண்டாக எங்கள் காகிதங்களைத் திருப்பி அனுப்பிவரும் அந்த ஒற்றைச் சொல்லை எழுதியிருந்தார்: ‘ஆதாரம்?’

மற்ற அடைமொழிகளை எல்லாம் நாங்கள் விட்டுக்கொடுக்கிறோம். இந்த ஒன்றை மட்டும் விட மாட்டோம். கேட்ட ஆதாரத்தைச் சபை முன் வைக்கிறோம். முகத்துக்கு நேரே ‘நீங்கள், நீங்கள்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துவதும் மின்விசிறியைப் பார்ப்பதுமாக இருப்பார் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே, யாரோ ஒரு மெட்டில்டாவின் கதை போல இதைச் சொல்கிறோம். அவரும் யாரோ ஒருவரின் கதை போலக் கேட்டுக்கொள்ளட்டும்.

பிள்ளை வளர்ப்பவர்களுக்குச் சர்க்கார் கொடுக்கும் சலுகை ஒன்று எங்கள் அலுவலகத்தின் வழியாகத் தொழிலாளிகளுக்குப் போகிறது. ஊரில் உயர்நிலைப் பள்ளி இல்லாமல் பிள்ளையை வெளியூர் விடுதியில் விட்டுப் படிக்க வைத்தால், செலவில் ஒரு பங்கு கிடைக்கும். காகிதத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. துறைமுகத் தளத்தில் எல்லாரும் பிள்ளைப்பணம் என்றே சொல்வார்கள். அந்தப் பிள்ளைப்பணம் முழுவதும் மெட்டில்டாவின் கையில் இருந்தது. அண்ணன் பிள்ளையைத் தன் பிள்ளைக் கணக்கில் சேர்த்துக் கொண்டுவந்தவர்கள் அவர் முன்னால் நின்று வியர்த்திருக்கிறார்கள். ஒரே வீட்டில் ஐந்து மாத இடைவெளியில் இரண்டு பிள்ளைகள் பிறந்ததாக எழுதிக் கொடுத்த ஒருவரை உட்காரவைத்து, காப்பி வாங்கிக் கொடுத்து, இப்படி ஓர் அதிசயம் வேதாகமத்தில்கூட இல்லையே என்று விசாரித்தார். அந்த மனிதர் காப்பியைக் குடிக்காமலே போய்விட்டார்.

பொய்யாய்க் கேட்டால் ஒரு நயாபைசா பெயராது. ஆனால் கேட்கத் தெரியாமல் வாய்மூடி இருப்பவனை அவர் விட்டதும் இல்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டு, உன் மகள் ஆறாவது போகிறாளே, ஏன் இன்னும் வந்து கேட்கவில்லை என்று சண்டை பிடிப்பார். தனக்கென்று கல்யாணமும் இல்லை, குழந்தையும் இல்லை. ஆனால் துறைமுகத்துப் பிள்ளைகள் எந்த வகுப்பு, எந்தப் பாடத்தில் மோசம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. தன் மகன் முதல் வகுப்பில் தேறிவிட்டதாகப் பெருமையடித்த ஒரு தகப்பனிடம், கணக்கில் தேறவில்லையே என்று அவர் கேட்டதை அந்தத் தகப்பன் இன்றும் மன்னிக்கவில்லை.

இப்படிப்பட்டவர் மேசைக்கு எழுபத்தொன்றாம் ஆண்டு வைகாசியில் சுடலைமாடனின் விண்ணப்பம் வந்தது. சுடலைமாடன் பளுதூக்கி இயந்திரம் ஓட்டுபவர். வீடு தாமிரபரணிக் கரையில் ஒரு நெல்வயல் கிராமம். அங்கே ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்துவிடும். ஒரே மகள் ஆறுமுகத்தாய்க்குப் பாளையங்கோட்டையில் கிறிஸ்தவக் கன்னியர் நடத்தும் விடுதியில் இடம் கிடைத்திருந்தது. பிள்ளைப்பணம் வந்தால் படிப்பு. வராவிட்டால் பக்கத்து வயலில் களையெடுப்பு. வேறு வழி அந்த வீட்டில் இல்லை.

விண்ணப்பத்தோடு வந்த பள்ளிச் சான்றிதழை மெட்டில்டா வழக்கம்போல வரிவரியாகப் படித்தார். மாணவி, ஆறுமுகத்தாய். பாதுகாவலர், சுடலைமாடன். தகப்பனார் பெயர், செந்திலாண்டவர்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு இதில் திகைக்க ஒன்றுமில்லை. சுடலைமாடனுக்கும் அவர் மனைவி பேச்சித்தாய்க்கும் முதலில் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது பிறந்தவுடனே திருச்செந்தூருக்குத் தூக்கிக்கொண்டு போய், இது எங்கள் பிள்ளை இல்லை முருகா, உன் பிள்ளை என்று தத்துக் கொடுத்துவிட்டார்கள். சாமியின் பிள்ளையை எமன் தொட மாட்டான் என்பது நம்பிக்கை. பிறகு தாய்மாமன் வந்து, ஒரு நாழித் தவிட்டைக் கொடுத்து, சாமியிடமிருந்து பிள்ளையை விலைக்கு வாங்கிப் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். அதுவரை பிள்ளை சாமியுடையது. பேச்சித்தாயின் ஒரே தம்பி கொழும்புக்குப் போனவன் போனவன்தான். கடிதமும் இல்லை, ஆளும் இல்லை. வாங்க ஆள் இல்லாமல் பிள்ளை பதினொரு வயதுவரை முருகன் கணக்கிலேயே நின்றுவிட்டது. பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் தகப்பன் பெயரைக் கேட்டார். சுடலைமாடன் உள்ளதைச் சொன்னார். வாத்தியாரும் இந்த ஊர்க்காரர், புருவத்தைக்கூட உயர்த்தாமல் எழுதிக்கொண்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. அப்போது எங்களுக்கு அதிகாரியாக இருந்தவர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர், ஆனால் இந்தப் பக்கத்து வழக்கம் தெரியாதவர். சான்றிதழில் உள்ள தகப்பன் எங்கே இருக்கிறார் என்று கேட்டு எழுதினார். அன்று மெட்டில்டா விடுப்பில் இருந்தார். பதில் எழுதும் வேலை வில்பிரட்டிடம் போனது. வில்பிரட் எங்கள் எழுத்தர். விளையாட்டுக்குணம் அவருக்குப் பிறவி நோய். ‘மேற்படி செந்திலாண்டவர் திருச்செந்தூர்க் கடற்கரையில் நிலையாக இருக்கிறார், இடமாற்றத்துக்கு வாய்ப்பில்லை’ என்று எழுதி அனுப்பிவிட்டார். அதிகாரி அதன் அடியில், நிலையான பணியில் உள்ள தகப்பன் தம் அலுவலகத்தின் மூலமே சலுகையைக் கேட்டுக்கொள்ளட்டும் என்று எழுதி, விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்.

மறுநாள் மெட்டில்டா வந்து அதைப் படித்தபோது வில்பிரட் சரக்குக் கொட்டகைப் பக்கம் போய்விட்டிருந்தார். அம்மையார் அதிகாரியிடம் போய் வழக்கத்தை விளக்கினார். அதிகாரி கொஞ்சம் வெட்கப்பட்டார், நிறையச் சிரித்தார். ஆனாலும் சான்றிதழில் வேறொருவர் தகப்பனாக இருக்கும்போது தாம் என்ன செய்ய முடியும் என்று கேட்டார். பிள்ளை தன்னுடையதுதான், அதில் எழுதியிருப்பது தவறு என்று சுடலைமாடன் ஒரு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே அனுமதித்துவிடுவதாகச் சொன்னார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று எல்லாரும் நினைத்தோம்.

சுடலைமாடன் வந்தார். மெட்டில்டா வாக்குமூலத்தை எழுதி, படித்துக் காட்டி, பேனாவையும் மூடி கழற்றிக் கொடுத்தார். சுடலைமாடன் பேனாவை வாங்கினார். காகிதத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். பெரிய பெரிய மரப்பெட்டிகளைக் கப்பலின் வயிற்றுக்குள் பூப்போல இறக்கிவைக்கிற கை, அங்கேயே நின்றுவிட்டது.

“எம்மா, இதுல நான் கையெழுத்துப் போட்டா, அவன் பிள்ளைய நான் களவாண்ட மாதிரி ஆயிரும்லா. ரெண்டைப் பறிகொடுத்துட்டு நிக்கேன். இதையும் கேட்டுட்டாமுன்னா நான் எங்க போவேன்? படிப்பு இல்லேன்னா இல்ல. உசிரோட கெடக்கட்டும்.”

பேனாவை மூடி, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். இதே மேசை முன்னால் பிள்ளைப்பணத்துக்காக இல்லாத பிள்ளையை உண்டாக்கிக் கொண்டுவந்தவர்களை மெட்டில்டா பார்த்திருக்கிறார். தன் சொந்த மகளை, சொன்ன சொல்லுக்காக, என் மகள் என்று எழுத மறுத்த ஒருவரை அன்றுதான் பார்த்தார். அந்த நிமிடத்தில் சுடலைமாடன் மேல் அவருக்கு உண்டான மதிப்பு இன்றுவரை குறையவில்லை. வாக்குமூலத்தை நான்காக மடித்துக் குப்பைக்கூடையில் போட்டார்.

“நீரு கையெழுத்துப் போடாண்டாம். பொய்ய எழுதி வாங்குத பழக்கம் இங்க இல்ல. உண்மையப் போய் மாத்திட்டு வருவோம், பெறவு எழுதுவோம்.”

உண்மையை மாற்றுவது என்றால் தவிட்டுக்கு வாங்குவது. அதற்கு ஓர் ஆள் வேண்டும். அன்று பிற்பகல் மெட்டில்டா இந்த அலுவலகத்து ஆண்பிள்ளைகள் ஒவ்வொருவரிடமும் கேட்டார். இங்கே உட்கார்ந்திருக்கும் எங்களில் சிலர் இப்போது தரையைப் பார்க்கிறோம். தவிடு பெரிய காரியமா என்ன? ஆனால் தவிடு கொடுத்து வாங்குகிறவன் தாய்மாமன் ஸ்தானத்துக்கு வந்துவிடுகிறான். பெண் சமைந்தால் சீர், கல்யாணத்துக்குச் சீர் என்று ஆயுள் முழுக்கச் செய்ய வேண்டும். வாங்குவது தவிட்டுக்கு, கொடுப்பது தங்கத்தில். இசக்கியப்பனுக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டது. இன்னொருவர் வீட்டில் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார் போலும். கடைசியில் மெட்டில்டா தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, தனக்கு வீட்டில் கேட்க ஆள் இல்லாதது இன்றைக்கு வசதியாகப் போயிற்று என்றும், தானே வாங்குவதாகவும் அறிவித்தார்.

மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார அம்மா முருகனிடம் பிள்ளை வாங்கலாமா என்று நாங்கள் முணுமுணுத்தோம்.

“அவருக்கு ஆட்சேபணை இருந்தா எழுத்து மூலமா தெரிவிக்கட்டும்” என்றார் மெட்டில்டா.

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை கண்டுவிட்டுக் கையில் செபமாலையோடு அப்படியே பஸ் ஏறினார். தவிட்டுப் பெட்டியைச் சுமக்கும் பொறுப்பு, தண்டனையாக, வில்பிரட்டுக்கு. தவிடு வாங்கிய அரிசி ஆலையில் அம்மையார் ரசீது கேட்டிருக்கிறார். ஒரு நாழித் தவிட்டுக்கு யாரும் ரசீது கேட்டு அந்த ஆலைக்காரர் கண்டதில்லை. தவிட்டைச் சும்மாவே கொண்டுபோகச் சொல்லிக் கும்பிட்டார். இலவசமாக வாங்கினால் வாங்கியதாகாது என்று அவர் காசு கொடுத்து, ரசீதையும் வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்.

திருச்செந்தூரில் சண்முக விலாச மண்டபத்தில் சுடலைமாடனும் பேச்சித்தாயும் பிள்ளையோடு காத்திருந்தார்கள். ஆறுமுகத்தாய்க்கு முகம் சரியில்லை. பதினொரு வயதுப் பெண்ணுக்கு மானம் இருக்காதா? தவிட்டுக்குப் பதில் அரிசியாவது கொடுக்கக் கூடாதா என்று மெட்டில்டாவிடமே கேட்டுவிட்டாள். பேச்சித்தாய் மகள் வாயைப் பொத்தப் போனார். மெட்டில்டா தடுத்துவிட்டுப் பிள்ளையின் பக்கத்தில் படியில் உட்கார்ந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்.

“ஏளா, ஒனக்கு ஒரு நாழித் தவிடு கிடைக்கி. என்னைய அந்தோணியாருக்கு நேந்துவிட்டு, கோயில் முத்தத்துல ஏலம் விட்டாவ. எங்க மாமனைத் தவிர ஒருத்தரும் கேக்கல. அவரும் வெத்தலைய மென்னுகிட்டே கேட்டாராம்.”

ஆறுமுகத்தாய் சிரித்துவிட்டாள். வில்பிரட்டும் சிரித்தார். சிரிப்பு அடங்கிய பிறகுதான், ஒருத்தரும் கேட்கவில்லை என்ற சொல் தன் நெஞ்சில் தைத்ததாக அவர் எங்களிடம் சொன்னார். அந்த மாமனும் போய்ச் சேர்ந்து பல காலம். அதற்குப் பிறகு மெட்டில்டாவைக் கேட்டு யாரும் வந்ததில்லை.

அர்ச்சகர் வந்து, வாங்குவது யார் என்று கேட்டார். மெட்டில்டா எழுந்து நின்றார். பெயர் கேட்டார், சொன்னார். நட்சத்திரம் கேட்டார், பிறந்தது பனிமய மாதா திருவிழாவுக்கு மறுநாள் என்றார். அர்ச்சகர் கொஞ்சம் யோசித்துவிட்டு, முருகனுக்குப் புரியும் என்று சொல்லிச் சந்நிதியைப் பார்த்துக் கும்பிட்டார். தவிடு சாமிக்கு முன்பாக வைக்கப்பட்டது. பன்னீர் இலையில் விபூதி வந்தது. அர்ச்சகர் பிள்ளையின் கையை எடுத்து மெட்டில்டாவின் கையில் வைத்தார்.

பேச்சித்தாய் மண்டபத்தின் அடுத்த தூணருகே முந்தானையை ஏந்தி நின்றிருந்தார். இந்தத் தூணிலிருந்து அந்தத் தூண்வரை ஆறுமுகத்தாய் முருகன் பிள்ளையும் இல்லை, சுடலைமாடன் பிள்ளையும் இல்லை; மெட்டில்டாவின் பிள்ளை. அந்தத் தூரத்தை ஒரு குழந்தைகூட ஓடிக் கடந்துவிடும். பஸ்ஸுக்கு நேரமாகிறதே என்று வில்பிரட் தவிக்கும் அளவுக்கு மெட்டில்டா மெதுவாக நடந்தார். அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இது எங்கள் ஊகம் அல்ல. பின்னொரு நாள் அவரே பேச்சித்தாயிடம் சொன்னது. நடுவில் ஒருமுறை நின்று, பிள்ளையின் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டார். பிறகு போய்க் கையை ஒப்படைத்தார்.

“இந்தா பேச்சி, ஒம் பிள்ள. நல்லாப் படிக்க வை.”

அன்றே தொடங்கியது அவசரம். சுடலைமாடன் இந்த முறை கை நிற்காமல் புது வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டார். பள்ளி வாத்தியார், முன்போலவே புருவத்தை உயர்த்தாமல், தகப்பன் பெயரைத் திருத்திக் கொடுத்தார். அதிகாரி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, கொஞ்சம் விளையாட்டாகத்தான், முந்தைய தகப்பனின் சம்மதம் எங்கே என்று கேட்டார். மெட்டில்டா கோப்பின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அங்கே தவிட்டு ரசீதோடு சேர்த்து, பன்னீர் இலை விபூதி குண்டூசியால் குத்தப்பட்டிருந்தது. அதிகாரி அதைத் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டு அனுமதி எழுதினார். விடுதி திறந்த அன்று ஆறுமுகத்தாய் தகரப் பெட்டியோடு வாசலில் நின்றாள்.

அவள் சமைந்தபோது தாம்பாளங்களோடு குதிரை வண்டியில் போய் இறங்கிய தாய்மாமனைப் பார்க்க அந்தக் கிராமமே கூடியது. சேலை கட்டிய தாய்மாமனை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஆறுமுகத்தாய் இந்த அலுவலகத்துக்கு வந்து தன் மதிப்பெண்களைக் காட்டுவாள். மெட்டில்டா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எங்கே குறைந்தது என்று தேடுவார். அவள் ஆசிரியப் பயிற்சி முடித்து இந்த ஆண்டு உடன்குடியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் ஒருத்தியைச் சொன்னோம். பிள்ளைப்பணத்தில் படித்து ஆளானவர்கள் சபை நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள். வேண்டுமானால் எழுந்து நிற்பார்கள். ஆதாரம் முடிந்தது.

இனி, அம்மையார் அவர்களே, கதையை விட்டு உங்களிடமே பேசுகிறோம். ஜன்னல்கள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சாத்திவிட்டோம். எழுந்திருக்கக் காரணம் இல்லை.

ஓய்வுக்குப் பிறகு எங்கே இருப்பீர்கள் என்று கேட்டதற்கு, வெளியூரில் கன்னியர் இல்லத்தில் ஓர் அறை பார்த்திருப்பதாகவும், எலி வளையானாலும் தனி வளை என்றும் சொன்னீர்கள். நாங்கள் அப்போது தலையாட்டினோம். வெளியே வந்ததும் எங்களுக்கு அது பிடிக்கவில்லை. எங்களைவிட அதிகமாக ஒருவருக்குப் பிடிக்கவில்லை. தூத்துக்குடியிலேயே வீடு கட்டிக் குடிவந்துவிட்ட சுடலைமாடன் அண்ணாச்சி, கடற்காற்று வரும் பக்கத்து அறைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வந்து எங்கள் முன்னால் நின்றார். உங்களை முறைப்படி கேட்டு வாங்குவதாகச் சொன்னார்.

அன்று அந்தோணியார் கோயில் முற்றத்தில் உங்களை ஒருவர்தான் கேட்டார். இன்று கேட்டதில் போட்டி பலமாக இருந்தது. வில்பிரட் தன் மாடியைத் தருவதாகச் சொன்னார். இசக்கியப்பன்கூடக் கேட்டார், இடுப்பு இப்போது நன்றாக இருக்கிறதாம். சுடலைமாடன் அண்ணாச்சியே முந்திக்கொண்டார், ஏனென்றால் அவர் வெறுங்கையோடு வரவில்லை. உடன்குடியிலிருந்து வந்து இந்த மடலை இவ்வளவு நேரம் வாசித்துக்கொண்டிருப்பது யாருடைய குரல் என்று உங்களுக்குத் தெரியும். அவள் காலடியில் இருக்கும் ஓலைப்பெட்டியைச் சற்றுப் பாருங்கள்.

வழக்கப்படி, தவிட்டுக்கு வாங்கிய பிள்ளையை உரியவர்களிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த எண்ணம் எங்களுக்கு இல்லை. பனிமய மாதாவும் செந்திலாண்டவரும் தங்களுக்குள் பேசி வைத்து உங்களுக்கு நூறாண்டு ஆயுளையும், நோயில்லாத உடம்பையும், திருத்துவதற்குத் தினமும் ஒரு பிழையான காகிதத்தையும் அருளட்டும்.

இங்ஙனம்,
உங்கள் சிவப்பு மைக்குப் பழகிப்போன,
துறைமுகத் தொழிலாளர் நல அலுவலகப் பணியாளர்கள்,
தூத்துக்குடி, 1979.

இணைப்பு: தவிடு, ஒரு நாழி. ரசீது உள்ளது.